ஏழு பேர்ச்சஸுக்கு ஒரு வேலி

கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் லயத்தை விட்டுப் புதுவீட்டுக்குக் குடிபோன, இனிப் போகவிருக்கிற குடும்பங்களுக்கு,



போன மாதம் ஒரு புருஷனும் பெஞ்சாதியும் கண்டி டவுனில் நான் வேலை செய்கிற ஹாட்வெயாருக்கு வந்தார்கள். அண்ணன் கையில் பொலித்தீன் பை, அதற்குள் நாலாக மடித்த பிளான். முள்ளுக்கம்பி எத்தனை ரோல் வேண்டும் என்று கேட்டார். எவ்வளவு இடம் என்றேன். "ஏழு பேர்ச்சஸ்" என்று சொல்லும்போதே அவர் முதுகு நிமிர்ந்தது. கம்பி, கொங்கிரீட் தூண், ஆணி, லொறிக் கூலி என்று ஒவ்வொன்றாகத் தட்டி, கல்குலேட்டரை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினேன். அக்கா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பிளானைப் பார்த்தார். "தோட்ட வெச்சா வரும்," என்றார் அக்கா, காதைத் தொட்டுக்கொண்டு.

அன்றைக்கு என் முதலாளிக்கு நான் ஒரு துரோகம் செய்தேன். "அண்ணே, கம்பி வேணாம். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க, நான் சொல்றேன்" என்று அவர்களை அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பி வந்ததும் கடைவாசலில் நின்று கால்மணி நேரம் வேலிக் கதை பேசினேன். அதற்குள் தெல்தோட்டை பஸ் வந்துவிட்டது. பாதிதான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை அவர்களுக்கும், அவர்களைப் போல் பிளானை மடித்து வைத்திருக்கிற உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நானும் உங்களில் ஒருவன்தான். கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தேன். அதே தோட்டத்தில் இப்போது புதுவீட்டில் இருக்கிறேன். அப்பாவுக்குக் கான் வெட்டுகிற வேலை. வேலி போடுவதிலும் அவர் கெட்டிக்காரர். துரை பங்களாவுக்கு வேலி போட்டார். நாற்றுமேடைக்கு மூங்கிலில் அடைப்புக் கட்டினார். தோட்டத்து எல்லையில் கம்பி இழுத்தார். சாகும்வரை தனக்கென்று ஒரு முழ வேலி அவர் போட்டதில்லை. போட எங்கே இடம்? காம்பராவின் பின்சுவரிலிருந்து நாலு எட்டு வைத்தால் பீலிக்கரை. அதற்கும் லயத்துக்கும் நடுவில் அம்மா போட்ட பத்து அவரைக்கொடியும் ஒரு சௌசௌப் பந்தலும் தோட்டத்துக்குச் சொந்தமான மண்ணில்தான் நின்றன. பிடுங்கு என்றால் பிடுங்க வேண்டியதுதான்.

வேலி என்பது சின்ன விஷயம் இல்லை என்று சொல்லத்தான் இதைச் சொல்கிறேன். இந்த மலைநாட்டில் காணியின் கதையே வேலியின் கதைதான். 1840இல் ஆங்கிலேயர் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். காடு, தரிசு, ஆள் குடியிராத, பயிர் வைக்காத நிலம் எல்லாம், இன்னொருவருடையது என்று அவர் நிரூபிக்காதவரை முடிக்குச் சொந்தம் என்றார்கள். சேனை செய்து, சில வருஷம் விட்டு, திரும்பி வந்து வெட்டுகிற கண்டிச் சிங்களக் கிராமத்தவன் எந்தக் கடதாசியைக் காட்டுவான்? காடு துரைமாரின் கைக்குப் போனது. அங்கே கோப்பி நட, பிறகு தேயிலை நட, கடல் தாண்டிக் கூட்டிவரப்பட்டவர்கள் நம்முடைய ஆட்கள். ஒருவனிடமிருந்து பறித்த மண்ணில் இன்னொருவனை மண்ணில்லாமல் குடிவைத்தார்கள். அந்தக் கிராமத்துக்காரனும் நாமும் நூற்றைம்பது வருஷம் ஒரே கம்பிவேலியின் இரண்டு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். கம்பி நம் இருவருடையதும் இல்லை.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் முதன்முதலாகப் பெரிய அளவில் தேயிலை போட்டது நமக்குப் பக்கத்து மலை, லூல்கந்துரவில். 19 ஏக்கர். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ் என்று நான் ஒருநாள் கடையில் சும்மா இருந்தபோது கணக்குப் பார்த்தேன். அந்த 19 ஏக்கரை ஏழு ஏழாகப் பிரித்தால் 434 குடும்பத்துக்கு வரும். இதைச் சொல்லி நான் எதையும் கேட்கவில்லை. கணக்கு வந்தது, சொன்னேன்.

சரி, வேலிக்கு வருவோம்.

ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடியும் காலும். ஏழு பேர்ச்சஸ் 1,905 சதுர அடியைச் சற்றுத் தாண்டும். வீடு 550 சதுர அடி போக, மிஞ்சுவது 1,350 சொச்சம். இடம் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 44 அடி, சுற்றிவர 176 அடி. மலையில் யாருக்கும் சதுரமாகக் கிடைப்பதில்லை. கோணல்மாணலாக இருந்தால் இன்னும் பத்திருபது அடி கூடும். கேட்டுக்கு 4 அடி விட்டால் 172 அடி. இரண்டடிக்கு ஒரு கம்பு என்று வைத்தால் 86 கம்பு. இந்த 86ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூன்று பக்கமும் உங்களைப் போலவே வீடு கிடைத்தவர்கள் இருந்தால், அந்த மூன்று பக்க வேலியும் பாதி அவர்களுடையது. முன்பக்கம் 20 கம்பு, மற்ற மூன்று பக்கத்துக்கும் சேர்த்து 33. ஆக 53 கம்பில் உங்கள் பங்கு முடிந்தது. கம்பிக் கடைக்காரனான நான் சொல்கிறேன், இந்தக் கணக்கு வியாபாரத்துக்குக் கூடாது.

ஆனால் பாதிப் பங்கு என்பது பக்கத்து வீட்டோடு பேசினால்தான் வரும். பேசாமல் போட்டவன் கதையும் இருக்கிறது. அது என் கதை.

நாங்கள் குடிபோன ஐப்பசியில், மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். கீழ்ப்பக்கத்து வீட்டு மாமா அப்போது கொழும்பில் மகன் வீட்டில் இருந்தார். எல்லைக்கல் எங்கே என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். புல்லை விலக்கிப் பார்த்தேன், கல் இருந்தது. அங்கிருந்து மேல்மூலைக் கல்லுக்கு நூல் பிடித்தேன். மச்சானும் நானும் இரண்டு நாளில் 23 கம்பு நட்டோம். நேர்கோடு என்றால் அப்படி ஒரு நேர்கோடு. கணக்குப்பிள்ளை பார்த்திருந்தால் ஒரு நாள் கூலிப் பேர் கூடப் போட்டிருப்பார்.

மாமா திரும்பி வந்தார். வேலியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய்த் தன் பிளானை எடுத்துவந்தார். புல்லுக்குள் இருந்தது எல்லைக்கல் இல்லை, தண்ணிப் பைப் போட்டபோது அடையாளத்துக்கு யாரோ புதைத்த கல். நிஜக் கல் என் பக்கம் ஒன்றரை அடி தள்ளி, மண்ணுக்கடியில் கிடந்தது. மேல்மூலையில் சரியாக இருந்த வேலி, கீழே வரவர அவர் நிலத்துக்குள் இறங்கி, கடைசிக் கம்பு ஒன்றரை அடி உள்ளே நின்றது. ஒன்றரை அடி என்ன பெரிய இடமா என்று கேட்கலாம். 44 அடி நீளத்துக்கு அது முக்கோணமாக 33 சதுர அடி. லயத்துக் காம்பராவில் என் தங்கச்சிமார் இரண்டு பேரும் படுத்த இடம் அவ்வளவு இருக்காது.

23 கம்பையும் பிடுங்கினேன். வெட்கத்தில் நான் ராத்திரியில் பிடுங்கப் போக, மாமா டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றார். அதைவிட வேறு தண்டனை வேண்டியதில்லை.

ஆகவே முதல் வேலை கம்பு வெட்டுவது இல்லை. நாலு எல்லைக்கல்லையும் கண்டுபிடியுங்கள். பிளானைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் நிற்க, பகல் வெளிச்சத்தில் நூல் பிடியுங்கள். நூலின் ஒரு முனை உங்கள் கையில், மறுமுனை அவர் கையில். உறுதி இன்னும் கைக்கு வராதவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்கள் நிரந்தரமாக எதையும் கட்ட வேண்டாம், ஆனால் கல்லைக் காணாமல் விட்டுவிடவும் வேண்டாம். கல்லைச் சுற்றி வெட்டிவேரோ வாழையோ வைத்தால் பத்து வருஷம் கழித்தும் இடம் தெரியும். நூலிலேயே தகராறு வந்தால் கத்தியைத் தூக்கவோ பொலிசுக்கு ஓடவோ தேவையில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டான மத்தியஸ்த சபைக்கு இந்த மாதிரி எல்லைப் பிணக்கையும் கொண்டுபோகலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கிற காசில் நூறு வேலி போடலாம்.

கம்புக்கு நான் சொல்வது கிளிசீரியா. நமக்குப் புதிய மரம் இல்லை. தேயிலைக்கு நிழலாக, கொக்கோவுக்கு நிழலாக, மிளகுக்குத் தூணாக இந்தப் பக்கம் எங்கும் நிற்கிறது. மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா பக்கத்திலிருந்து வந்தது. பங்குனி வாக்கில் இலை உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாகப் பூக்குமே, அதுதான். சிங்கள ஊரில் வெட்டமார என்பார்கள். வெட்ட என்றால் வேலி. பேரிலேயே வேலை எழுதியிருக்கிறது. 2005இல் அரசாங்கம் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் என்று இதை அறிவித்தது. 2021இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தினார்களே, அப்போது இதன் இலைக்கு வந்த மதிப்பு இருக்கிறதே! வேலியோரம் ஆள் பார்க்காத நேரத்தில் மொட்டையடித்துக்கொண்டு போனார்கள். ஹேவாஹெட்ட, லூல்கந்துர மாதிரிக் குளிர் கூடிய மேல்மலையில் இது மந்தமாகத்தான் வளரும். அங்கே இருப்பவர்கள் காட்டுச் சூரியகாந்தியும் செவ்வரத்தையும் கலந்து நெருக்கமாக நடலாம்.

எப்படி வெட்டுவது? ஒரு வருஷத்துக்குக் குறையாத முற்றின கிளை. பச்சைத்தோல் இருந்தால் விடுங்கள், சாம்பல் நிறத் தோல் வேண்டும். தடிப்பு உங்கள் மணிக்கட்டளவு, நீளம் ஆறடி. மேல்வெட்டு சரிவாக இருக்க வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணி தேங்காது. தேங்கினால் தலையிலிருந்து அழுகும். கீழ்வெட்டும் சரிவு, ஆனால் நார் கிழியாமல் ஒரே வெட்டு. நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? கவ்வாத்துக் கத்தி பிடித்த கை. சரியான கவ்வாத்துக்காரர் வெட்டிய கம்பின் முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். மொட்டைக் கத்தியால் மூன்று தரம் கொத்தினவனின் கம்பு இரண்டு மாதத்தில் கருகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

வெட்டினதை உடனே நட வேண்டாம். ஒருநாள் இரண்டுநாள் நிழலில் சாய்த்து வையுங்கள், வெட்டு வாய் காயட்டும். எது அடி, எது நுனி என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். என் மச்சான் ஒன்பது கம்பைத் தலைகீழாக நட்டான். அதில் நாலு துளிர்த்தும்விட்டது. "பாத்தியா, மரத்துக்கே நான் சொல்றது கேக்குது" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்த நாலும் இன்னும் நோஞ்சானாகவே நிற்கின்றன.

குழிக்கு மம்பட்டி வேண்டாம். அலவாங்கால் ஒரு முழ ஆழம் குத்தி, வளைத்து ஆட்டி, கம்பு தாராளமாக இறங்குகிற அகலம் எடுங்கள். கம்பின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குள் இரண்டு மூன்று இடத்தில் தோலை லேசாகக் கீறிவிட்டால் அங்கிருந்தெல்லாம் வேர் விடும். கம்பைக் குழிக்குள் இறக்குங்கள். மேலே சுத்தியலால் அடித்து இறக்கினால் அடித்தோல் உரிந்துபோகும், உரிந்த கம்பு விறகு. மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அலவாங்கின் மொட்டைப் பக்கத்தால் இடித்து இடித்து இறுக்க வேண்டும். இந்த இடிப்பில்தான் வேலி இருக்கிறது. கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேர் பிடிக்காது, மறுபடி இடியுங்கள். என் பெஞ்சாதி இடித்த கம்பு ஒன்றுகூடப் போகவில்லை. நான் இடித்ததில் ஏழு போனது. காரணம் அவளுக்குப் பொறுமை, எனக்குப் பேச்சு.

காலம், சித்திரை கடைசி மழை அல்லது ஐப்பசி மழை. தை மாசி வெயிலில் நடுவதைப் போல வீண்வேலை இல்லை. நட்ட உடனே துளிர் வருவதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம். கம்புக்குள் இருக்கிற சத்தில் முதல் துளிர் வரும். வேர் ஓடியதா என்பது அடுத்த வெயிலில்தான் தெரியும். அதுவரை பிடுங்கிப் பார்க்கிற புத்தி வேண்டாம். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள், அவர்களுக்குத்தான் அந்த அரிப்பு அதிகம்.

இடைவெளியை அடைக்க மூங்கில் பத்தை போதும். பேராதனைப் பக்கம் மகாவலிக் கரையில் நிற்கிற பெரிய மூங்கிலில் ஒரு கழி இருந்தால் எட்டுப் பத்தை பிளக்கலாம். தேய்பிறையில் வெட்டச் சொல்வார்கள் பெரியவர்கள். அதை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், வெட்டின மூங்கிலை ஓடுகிற தண்ணியில் இரண்டு மூன்று கிழமை ஊறப்போட்டால் உள்ளிருக்கும் மாச்சத்து கரைந்து போய் உளு விழுவது குறையும். மூங்கில் கிடைக்காதவர்களுக்குக் கவ்வாத்து வாது இருக்கிறது. எப்படியும் விறகுக்குத்தானே கட்டிக்கொண்டு வருவோம். நேரான வாதுகளைப் பொறுக்கிக் குறுக்கே வைத்துத் தும்புக்கயிற்றால் கட்டுங்கள். முதல் வருஷம் ஆணி அடிக்கக் கூடாது, மரத்துக்குக் காயம். கயிறு இற்றுப்போகும் நேரத்தில் மரம் உரம் ஏறியிருக்கும்.

ஒரு வருஷம் கழித்து ஒவ்வொரு மூன்றாவது மரத்தடியிலும் ஒரு மிளகுக்கொடி. கண்டிச் சிங்கள வீட்டுத்தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். கமுகு, பலா, கராம்பு, சாதிக்காய், கோப்பி, மிளகு எல்லாம் மேலும் கீழுமாக, காடு மாதிரி, ஆனால் ஒரு மரமும் சும்மா நிற்காது. உலகத்தில் உள்ளவர்கள் வந்து படித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய அரை ஏக்கரில் செய்வதை நம்முடைய ஏழு பேர்ச்சஸில் செய்ய முடியாது என்பது உண்மை. ஆனால் வேலி மட்டும் 172 அடி நீளத் தோட்டம் அல்லவா? கவ்வாத்துப் பண்ணின இலை ஆட்டுக்கு. ஒருநாள் வாடவிட்டுப் போட்டால் முகம் திருப்பாமல் தின்னும். மிச்ச இலை மண்ணுக்கு. எல்லையில் நிற்கிற மிளகு யாருக்கு என்று கேட்பீர்கள். நானும் மாமாவும் ஒரு வருஷம் அவர், ஒரு வருஷம் நான் என்று பறிக்கிறோம். என் முறை வருகிற வருஷம் பார்த்து விலை விழுந்துவிடுகிறது.

இனிக் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

காட்டுப்பன்றி வரும். முள்ளம்பன்றி வரும். குரங்கைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதற்கு வேலி ஒரு ஏணி. பன்றிக்காகச் சிலர் வேலி ஓரத்தில் சுருக்குக் கம்பி வைக்கிறார்கள். 2020 மே மாதக் கடைசியில் நல்லதண்ணிப் பக்கம், லக்ஷபான தோட்டத்தில், மரக்கறித் தோட்டம் ஒன்றில் வைத்திருந்த சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை கழுத்து மாட்டிக் கிடந்தது. நாட்டிலேயே அபூர்வமான மிருகம். உயிரோடு எடுத்து உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் செத்துப்போனது. பன்றிக்கு வைத்தேன் என்று சொன்னால் சுருக்குக்குப் புரியாது. அதற்குக் கழுத்து என்றால் கழுத்து. நாய் மாட்டும், பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி மாட்டும், இருட்டில் போகிற பிள்ளையின் கால் மாட்டும். வீட்டு மின்சாரத்தை இழுத்துக் கம்பியில் விடுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அது வேலி இல்லை, கொலை. என் கடையில் யாராவது மெல்லிய கம்பி கேட்டு, எதற்கு என்றால் முழிப்பார்கள். அவர்களுக்கு நான் கம்பி விற்பதில்லை. முதலாளிக்கு இது இரண்டாவது துரோகம்.

பன்றிக்கு மருந்து வேலியின் அடியில்தான். அது பெரும்பாலும் தாண்டாது, மூக்கால் கிளப்பிக்கொண்டு நுழையும். கீழ் ஒரு அடிக்குப் பத்தையை நெருக்கி, மூன்று விரல் இடைவெளிக்கு மேல் விடாமல், அடியில் கல் அடுக்குங்கள். பலா பழுக்கிற மாதத்தில் அதுவும் போதாது. நாய் வளர்க்க வேண்டியதுதான்.

மதில் கட்ட நினைக்கிறவர்களும் இருக்கிறீர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள். வேண்டாம் என்கிறேன். பணம் இருக்கிறது என்பதற்காக மலையில் மதில் கட்டக் கூடாது. சரிவில் குறுக்கே நிற்கிற மதில் தண்ணியை மறிக்கும். மறித்த தண்ணி மண்ணுக்குள் இறங்கும். பிறகு மண்ணும் மதிலும் சேர்ந்து கீழ்வீட்டுக்காரன் தலையில். கண்டி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வாவியைச் சுற்றி மேக வடிவில் கட்டத் தொடங்கிய மதில் கூட முடியாமல்தான் நிற்கிறது, டவுனுக்கு வரும்போது பாருங்கள். அவனிடம் இல்லாத ஆளா, அம்பா?

கம்பு வேலி தண்ணியை விடும், மண்ணைப் பிடிக்கும். வேலியோரமாகக் கான் ஒன்று வெட்டி, மேல்வீட்டுத் தண்ணி எங்கே போக வேண்டும் என்பதை மேல்வீட்டாரோடும் கீழ்வீட்டாரோடும் பேசி முடிவு செய்யுங்கள். நம் அப்பன் பாட்டன் நூறு வருஷமாகத் தேயிலைக்கு வெட்டின கான்தான், நமக்குத் தெரியாததில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். நூல் பிடித்து நேராக நட்ட வேலி ஒருநாள் நடுவில் வயிறு தள்ளி வளைந்து தெரிந்தால், அல்லது நாலைந்து கம்பு சேர்ந்தாற்போல் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தால், கம்பைக் குறை சொல்லாதீர்கள். நிலம் நகர்கிறது. தரையில் வெடிப்பு, சுவரில் வெடிப்பு, திடீரென்று ஊறுகிற கலங்கல் தண்ணி, இவற்றோடு சாய்கிற மரமும் கம்பமும் மண்சரிவுக்கு அடையாளம். 2014 ஒக்டோபர் 29 மீரியாபெத்தை மண்சரிவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலுக்கு நம் கண்டி மாவட்டத்து மலைகள் எப்படி இறங்கின என்பதை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. அந்த மழை ராத்திரிகளில் நான் மூன்று தரம் டோர்ச்சோடு போய் வேலியின் நேர்கோட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். கீழே மாமாவும் தன் பக்கத்தில் டோர்ச்சோடு நின்றார். வேலி நேராக இருந்தது. நாங்கள் தூங்கவில்லை.

என் அம்மாவுக்கு இந்த வேலியே பிடிக்கவில்லை. லயத்தில் எட்டுக் காம்பராவுக்கும் ஒரே நீள இஸ்தோப்பு. அதில் உட்கார்ந்தால் யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரியும். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, யாருடைய பிள்ளைக்கு சோதனை முடிவு வந்தது என்று தெரியும். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எட்டு வீட்டிலும் தும்மல். அதெல்லாம் சுகமில்லை, தெரியும். வயசுப் பிள்ளைகள் உடுப்பு மாற்ற இடமில்லாமல் வளர்ந்த லயத்தைப் பற்றி நான் ஆசையோடு பேச மாட்டேன். ஆனால் அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "வேலிய போட்டுட்டீங்க. இனி யாருடா வருவா?"

பதில் கடையில் கூட வேலை செய்கிற யாழ்ப்பாணத்து அண்ணனிடமிருந்து வந்தது. அவர்கள் ஊரில் வேலிக்குத் தனி மொழியே இருக்கிறது. நடுகிற கம்பு கதியால். கிளுவையும் பூவரசும் நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்து வரிந்து கட்டுவதை வேலி அடைப்பது என்பார்கள். எல்லைக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பக் கதைகளும் அவரிடம் உண்டு. ஆனால் அவ்வளவு இறுக்கமாக அடைத்த வேலியிலும், பின்பக்கம், குசினிக்கு நேராக, ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு ஓட்டை விடுவார்களாம். பொட்டு என்று பெயர். முன்கேட் விருந்தாளிக்கு, பொட்டு அயலுக்கு. தேங்காய்ப் பாதி, நெருப்பு, ஊர்க்கதை எல்லாம் பொட்டு வழியாகத்தான். சண்டை வந்தால் பொட்டை அடைப்பார்களாம். பொட்டு அடைபட்டுக் கிடந்தால் ஊருக்கே தெரியும், இரண்டு வீடும் பேச்சில்லை என்று. நல்லது கெட்டது வந்தால் அடைத்தவனே வந்து பிரிப்பான்.

கண்டி ராச்சியத்துக்கும் இப்படி ஒரு வாசல் பழக்கம் இருந்தது, ஆனால் வேறு விதமாக. 1660இல் பிடிபட்டு 19 வருஷம் இங்கே கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் அச்சிட்ட புத்தகத்தில், ராச்சியத்துக்குள் வரும் வழிகளில் முள்ளால் கட்டிய கதவுகளையும் காவலையும் பற்றி எழுதியிருக்கிறார். கடவத்த என்ற பெயர் அந்த வாசல்களிலிருந்து வந்ததுதான். முள்கதவு பூட்டிய நாட்டிலும் நொக்ஸ் எலதெத்தவில் காணி வாங்கி வீடு கட்டிக் குடியிருந்தார். நம்முடைய பாட்டன் பூட்டனுக்குக் கிடைக்காத வசதி.

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன அன்று மாலையே வீட்டுக்குப் போய், குசினிக்கு நேராக இரண்டு கம்புக்கு நடுவில் பத்தைகளை அறுத்தேன். மாமா வந்து என்ன என்று கேட்டார். சொன்னேன். தன் பக்கத்திலிருந்து ஒரு பலகைக் கல்லைத் தூக்கிவந்து படியாகப் போட்டார். மறுநாள் காலை அம்மா அந்த வழியாக மாமி வீட்டுக்குப் போனவர் பகல் சோற்றுக்குத்தான் திரும்பி வந்தார். குனிந்து போவது இடுப்புக்குக் கஷ்டம் என்று குறை சொன்னார். மேல் பத்தை இரண்டையும் எடுத்துவிட்டேன்.

எங்கள் வேலிக்கு இப்போது வயது நாலு. ஐப்பசிக்கு முன்னால் கவ்வாத்துப் பண்ணப் போகிறோம். மாமா பக்கமும் சேர்த்து நூறு கம்புக்குக் குறையாமல் வரும், எல்லாம் மணிக்கட்டுத் தடிப்பு. கலஹா, தெல்தோட்டைப் பக்கம் இந்த மழைக்கு வேலி போட இருக்கிறவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம். ஹாட்வெயாருக்கு வந்து கேட்டால் வழி சொல்வேன், முதலாளி இல்லாத நேரமாகப் பார்த்து வாருங்கள். கத்தியைத் தீட்டிக்கொண்டு வாருங்கள். கட்டுவதற்குக் கயிறும். கேட் பக்கம் வராமல் பொட்டு வழியாக வந்தால் அம்மா தேத்தண்ணி வைப்பார், அவருக்கு யாராவது வர வேண்டும்.

இப்படிக்கு,
கலஹாவுக்கு மேலே, பழைய லயத்துக்குக் கீழே,
ஏழு பேர்ச்சஸ்காரன் ஒருவன்